நிறம் போய்விட்டது, சாயம் எங்கே போனது? அடுக்கு ஹைட்ராக்சைடு ஒளிவினையூக்கிச் சோதனைகளில் பிழை நீக்கும் வழிமுறை

பீக்கரில் இருந்த சிவப்பு நீர் ஒரு மணி நேரத்தில் பளிங்குபோல் தெளிந்துவிட்டது. நிறமாலைமானி 98 விழுக்காடு நீக்கம் என்று காட்டியது. ஆய்வைத் தொடங்கிய முதல் ஆண்டில் காங்கோ ரெட் சாயத்தை வைத்து எனக்குக் கிடைத்த முடிவு அது. அன்றிரவே வரைபடம் வரைந்து முடித்தேன். மறுநாள் காலை மையவிலக்கிக் குழாய்களைக் கழுவ எடுத்தபோதுதான் அடியில் தங்கியிருந்த தூளை, அதாவது ஒளி பட்டதும் சாயத்தை உடைக்கவேண்டிய ஒளிவினையூக்கியை, கவனித்தேன். வெள்ளையாக இருக்கவேண்டிய தூள் செம்பருத்தி நிறத்தில் இருந்தது. சாயம் உடையவில்லை, நீரிலிருந்து தூளுக்கு இடம் மாறியிருந்தது.

இந்தத் துறையின் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கிறது. ஒரு சாயம் கரைசலை விட்டு மறைய மூன்று வழிகள் உண்டு. தூளில் ஒட்டிக்கொள்ளலாம், நிறம் தரும் பகுதியை மட்டும் இழக்கலாம், உண்மையாகவே உடைந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் உப்பாகவும் மாறலாம். கண்ணுக்கும் நிறமாலைமானிக்கும் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். கீழே வரும் ஒவ்வோர் அறிகுறியிலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, இந்த மூன்றில் நடந்தது எது என்பதே.

பலரும் பயன்படுத்தும் ஒளிவினையூக்கியான டைட்டானியம் டைஆக்சைடைவிட அடுக்கு இரட்டை ஹைட்ராக்சைடுகளில் இந்தக் குழப்பம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் அவற்றின் கட்டமைப்பு. 1842-இல் நார்வேயின் ஸ்னாரும் பகுதியில் கிடைத்த ஹைட்ரோடால்சைட் என்ற கனிமம்தான் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அதில் மூன்று மெக்னீசியத்துக்கு ஓர் அலுமினியம் என்ற கணக்கில் ஹைட்ராக்சைடு படலங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இரண்டு சுமை கொண்ட மெக்னீசியத்தின் இடத்தில் மூன்று சுமை கொண்ட அலுமினியம் உட்காருவதால் படலம் முழுவதும் நேர்மின் சுமை பெறுகிறது. அதைச் சமன் செய்யப் படலங்களுக்கு நடுவே கார்பனேட், நைட்ரேட், குளோரைடு போன்ற எதிரயனிகள் (எதிர்மின் சுமை கொண்ட அயனிகள்) தங்குகின்றன. மெக்னீசியத்தின் இடத்தில் துத்தநாகத்தையும், அலுமினியத்தின் இடத்தில் குரோமியத்தையோ இரும்பையோ வைத்தால் ஒளியில் வேலை செய்யும் வகைகள் கிடைக்கின்றன. ஆனால் எதிரயனிச் சாயங்களை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்பு குடும்பம் முழுவதற்கும் பொது.

விளக்கைப் போடும் முன்பே நிறம் வெளுக்கிறது

காங்கோ ரெட், மெத்தில் ஆரஞ்சு, ஆரஞ்சு II, ரியாக்டிவ் பிளாக் 5 ஆகிய எல்லாச் சாயங்களும் சல்போனேட் தொகுதி கொண்ட எதிரயனிகள். இவற்றை இந்தத் தூளோடு கலந்தால் இருட்டிலேயே நிறம் குறைவதுதான் இயல்பு.

எவ்வளவு குறையலாம் என்பதை ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள். துத்தநாகமும் அலுமினியமும் 2:1 என்ற விகிதத்தில் உள்ள தூளில், கிராமுக்கு ஏறத்தாழ 3 மில்லிமோல் எதிர்மின் சுமைக்கு இடம் உண்டு. மெத்தில் ஆரஞ்சு அயனியின் நிறை மோலுக்கு 304 கிராம். அப்படியானால் ஒரு கிராம் தூள் கோட்பாட்டளவில் 900 மி.கி. சாயத்தைத் தாங்கும். வழக்கமான சோதனையில் நாம் எடுப்பது 100 மி.லி. கரைசல், லிட்டருக்கு 20 மி.கி. செறிவு, மொத்தச் சாயமே 2 மி.கி.தான். அதில் 100 மி.கி. தூளைப் போடுகிறோம். யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்டது போல. அந்த 2 மி.கி.யும் மறைந்துபோனதை ஒளியின் சாதனையாக எழுதவே கூடாது.

உலையில் சுட்ட தூளில் இது இன்னும் கடுமையாக இருக்கும். 400 முதல் 500 டிகிரி வரை சுட்டால் அடுக்குகள் கலைந்து கலப்பு ஆக்சைடு ஆகிவிடும். அதை நீரில் போட்டதும் பழைய அடுக்கமைப்பை மீண்டும் கட்ட முயலும். கட்டும்போது சுற்றியுள்ள எதிரயனிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். மெக்னீசியம்–அலுமினியத்தில் இந்த நினைவாற்றல் வலிமையானது, துத்தநாக வகைகளில் சற்றுக் குறைவு. மீளக் கட்டுவது சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை நீளும். எனவே எல்லாரும் எழுதும் "30 நிமிட இருட்டு" இங்கே போதாது. அரை மணி இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகள் 2 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போகும் வரை விளக்கைத் தொடாதீர்கள். அதற்கு ஆறு மணி நேரம் பிடித்தால் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்து, கணக்கைத் திருத்துங்கள். தொடக்கச் செறிவு 20, இருட்டுக்குப் பின் 8, ஒரு மணி நேர ஒளிக்குப் பின் 2 என்று வைத்துக்கொள்வோம். 20-இலிருந்து கணக்கிட்டால் "90 விழுக்காடு சிதைவு", வினைவேக மாறிலி நிமிடத்துக்கு 0.038. ஆனால் விளக்கு எரிந்தபோது குறைந்தது 8-இலிருந்து 2 வரை மட்டுமே; அங்கே மாறிலி 0.023. அந்த 90 விழுக்காட்டில் பாதிக்கு மேல், சாயம் தூளில் ஒட்டிக்கொள்ளும் பரப்புக் கவர்தலின் பங்கு.

இதற்குப் பிறகும் ஐயம் தீராது, ஏனென்றால் ஒளியின்போதும் கவர்தல் தொடரலாம். தூளையே சாட்சிக்கு அழைக்கவேண்டும். அதற்கு இந்தக் குடும்பத்துக்கே உரிய ஒரு வசதி இருக்கிறது: சுடாத மெக்னீசியம்–அலுமினியம், துத்தநாகம்–அலுமினியம் தூள்கள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முழுவதும் கரைந்துவிடும். சோதனை முடிந்த தூளைப் பிரித்தெடுத்து அமிலத்தில் கரையுங்கள். உள்ளே ஒளிந்திருந்த சாயம் வெளியே வரும், அதை அளக்கலாம். மெத்தில் ஆரஞ்சு அமிலத்தில் சிவப்பாகி அதன் நிறமாலை உச்சியும் (ஒளியை மிகுதியாக உட்கவரும் அலைநீளம்) 464 நானோமீட்டரிலிருந்து 507 அருகே போய்விடும் என்பதால், அளவுக்கோட்டையும் (செறிவு தெரிந்த கரைசல்களை வைத்து வரையும் ஒப்பீட்டுக் கோடு) அதே அமிலத்தில் தயாரிக்கவேண்டும். கரைசலை நடுநிலையாக்கி அளக்க முயலாதீர்கள். அலுமினியம் வீழ்படிவாகிச் சாயத்தை மறுபடியும் பிடித்துக்கொள்ளும். காங்கோ ரெட் அமிலத்தில் நீலமாகித் திரண்டுவிடுவதால் இந்த வழி அதற்கு உதவாது. அதற்குச் சோடியம் கார்பனேட் கரைசலில் தூளை ஓரிரவு கலக்கி வெளியேற்றிப் பாருங்கள். கார்பனேட்டுக்கு இந்த அடுக்குகளோடு உள்ள பிடிப்பு மற்ற எளிய அயனிகள் எல்லாவற்றையும்விட வலியது.

எக்ஸ் கதிர்களால் படிக அடுக்குகளின் இடைவெளியை அளக்கும் எக்ஸ்.ஆர்.டி. எடுப்பதானால் 2 டிகிரியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். சாயம் அடுக்குகளுக்கு நடுவே நிமிர்ந்து நின்றால் இடைவெளி 20 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டலாம். அப்போது முதல் உச்சி 5 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். 10 டிகிரியில் தொடங்கிய அளவீட்டில் அது அகப்படவே அகப்படாது.

விளக்கு எரிந்தும் நிறம் அசையவில்லை

முதலில் ஒளியும் தூளும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். 1240-ஐப் பட்டை இடைவெளியால் (தூளில் எலக்ட்ரானை எழுப்பத் தேவையான ஆற்றல், எலக்ட்ரான் வோல்ட்டில்) வகுத்தால் எத்தனை நானோமீட்டர் வரையிலான ஒளி பயன்படும் என்பது தெரியும். துத்தநாக ஆக்சைடுக்கு ஏறத்தாழ 3.2 எலக்ட்ரான் வோல்ட் என்றால் எல்லை 387 நானோமீட்டர். துத்தநாகம்–அலுமினியம் தூளை 420 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த செனான் விளக்கின் கீழ் வைத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அங்கே தூளின் மீது குற்றம் இல்லை. காணொளியில், அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியில், வேலை நடக்கவேண்டும் என்றால் துத்தநாகம்–குரோமியம் போன்ற வகைக்குப் போகவேண்டும். அதற்கு 410, 570 நானோமீட்டர் அருகே இரண்டு கவர்ச்சிப் பட்டைகள் உண்டு. 2009-இல் வலென்சியாவில் ஹெர்மெனெகில்டோ கார்சியாவின் குழு, வெள்ளி அயனி எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டில், இத்தூளைக் கொண்டு நீரிலிருந்து ஆக்சிஜனைப் பெற்றபோது தோற்றக் குவாண்டம் விளைச்சல் (விழுந்த ஒளியில் வேலைக்குப் பயன்பட்ட பங்கு) 410-இல் 60.9 விழுக்காடு, 570-இல் 12.2 விழுக்காடு. இரண்டு பட்டைகளுக்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளுங்கள். தூளுக்கு நிறம் இருப்பதாலேயே அந்த நிறத்துக்குரிய ஒளி முழுவதும் பயன்பட்டுவிடாது.

பாத்திரத்தின் கண்ணாடியும் கவனிக்கத் தக்கது. 254 நானோமீட்டர் பாதரச விளக்கை வெளியே வைத்துச் சாதாரண போரோசிலிகேட் பீக்கருக்குள் கரைசலை வைத்தால் அந்த ஒளி உள்ளே நுழையாது. குவார்ட்ஸ் தேவை.

அடுத்தது சாயத்தின் சுமை. மெத்திலீன் புளூ, ரோடமின் பி, கிரிஸ்டல் வயலட் ஆகியவற்றில் நேர்மின் சுமை உண்டு. நேர்மின் படலம் அவற்றைத் தள்ளும். தூளின் அருகிலேயே வராத சாயத்துக்கு, தூளின் மேற்பரப்பில் பிறந்து உடனே மறையும், சாயத்தை உடைக்கும் வினைத்திறன் மிக்க தனி உறுப்புகளால் பெரிய பயன் இல்லை. மெதுவான வேகம் என்பது இங்கே கோளாறு ஆகாது, அது இயல்பு.

கரைசல் மிக அடர்ந்திருந்தாலும், தூள் மிக அதிகமானாலும் ஒளி உள்ளே போகாது. லிட்டருக்கு 0.5 முதல் 1 கிராம் வரை தூள், 10 முதல் 20 மி.கி. சாயம் என்று தொடங்கி இருபுறமும் நகர்த்திப் பாருங்கள். மூடிய பாத்திரமாக இருந்தால் காற்றுக் குமிழ்களைச் செலுத்துங்கள்; எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆக்சிஜன் இல்லாவிட்டால் அது துளையோடு (தான் விட்டுவந்த வெற்றிடத்தோடு) மீண்டும் சேர்ந்து வெப்பமாக வீணாகும்.

தூளே இல்லாத பீக்கரிலும் நிறம் குறைகிறது

சாயம் ஒளியில் தானாக வெளுக்கும். ஆகவே தூள் இல்லாத கட்டுப்பாட்டுச் சோதனையை அதே நாளில், அதே விளக்கில், அதே தொலைவில் செய்யவேண்டும். போன மாதம் எடுத்த எண்ணை எடுத்து ஒட்டக்கூடாது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. காணொளியைச் சாயமே உட்கவர்ந்து தன் எலக்ட்ரானைத் தூளுக்குள் தள்ளிவிடலாம். அப்போது தூள் ஒளியைக் கவராமலே சாயம் சிதையும். நாம் அதைக் "காணொளி ஒளிவினையூக்கி" என்று எழுதிவிடுவோம். ஜப்பானில் ஓதானியின் குழு 2006-இலேயே, மெத்திலீன் புளூ இத்தகைய சோதனைக்கு ஏற்றதா என்ற கேள்வியை நேராக எழுப்பியது. 2010-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 10678 தரமும் மெத்திலீன் புளூவைத்தான் பயன்படுத்துகிறது, ஆனால் அது புற ஊதாவின் கீழ் செய்யப்படும் சோதனை. காணொளியில் வேலை செய்கிறது என்று சொல்லவேண்டுமானால் நிறமற்ற பொருள் ஒன்றை, குறைந்தபட்சம் பீனாலையாவது, அதே விளக்கின் கீழ் வைத்துக் காட்டுங்கள். பீனால் குறையாமல் சாயம் மட்டும் குறைந்தால் அதை அப்படியே எழுதவேண்டும். அதுவும் மதிப்புள்ள முடிவுதான்.

விளக்கின் வெப்பத்தையும் அளந்து குறியுங்கள். நீர் உறை இல்லாத 500 வாட் விளக்கின் முன் கரைசல் அரை மணியில் கைபொறுக்காத சூட்டுக்குப் போய்விடும், ஆவியாகியும் குறையும்.

உச்சி குட்டையாகாமல் இடப்பக்கம் நகர்கிறது

இது நல்ல தடயம். ரோடமின் பி-யின் உச்சி 554 நானோமீட்டர். அதன் எத்தில் தொகுதிகள் ஒவ்வொன்றாகக் கழன்றால் உச்சி படிப்படியாக 498 வரை இறங்கும். கரைசல் இளஞ்சிவப்பிலிருந்து பச்சை கலந்த மஞ்சளாகும். மெத்திலீன் புளூவில் மெத்தில் தொகுதிகள் கழன்றால் 664-இலிருந்து 600 நோக்கி நகரும். இரண்டிலும் வளையங்கள் இன்னும் முழுசாகவே இருக்கின்றன. 554-இல் மட்டும் அளந்தால் "90 விழுக்காடு சிதைவு" என்று தோன்றும். எப்போதும் 200 முதல் 800 வரை முழு நிறமாலையையும் எடுங்கள், ஒற்றை அலைநீளத்தில் எடுத்த எண்ணை நம்பாதீர்கள்.

மெத்திலீன் புளூவில் இன்னொரு பொறியும் உண்டு. அது எலக்ட்ரான்களை வாங்கி நிறமற்ற லூக்கோ வடிவத்துக்கு மாறலாம். கரைசல் தெளிந்ததும் ஒரு குப்பியில் பாதி நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். நீலம் திரும்பினால் சாயம் எங்கும் போகவில்லை. செலவே இல்லாத இந்தச் சோதனையை யாரும் தவிர்க்கவேண்டாம்.

பிஎச் மாற்றத்தையும் மறக்காதீர்கள். சுட்ட மெக்னீசியம்–அலுமினியம் தூளை நீரில் போட்டாலே பிஎச் 10-ஐத் தாண்டும். காரத்தில் மெத்திலீன் புளூ, தூளின் உதவி இல்லாமலே மெல்ல நிறம் மாறும்.

எக்ஸ்.ஆர்.டி.யில் வேண்டாத உச்சிகள்

நைட்ரேட் உப்புகளிலிருந்து தூளை வீழ்படிவாக்கினால் தூளில் நைட்ரேட் இருக்கும் என்று எண்ணுகிறோம். முதல் உச்சி 10 டிகிரி அருகே இருந்தால் அது நைட்ரேட், 11.6 அருகே இருந்தால் காற்றிலிருந்த கரியமில வாயு உள்ளே புகுந்து கார்பனேட்டாக உட்கார்ந்துவிட்டது. அகச்சிவப்பு நிறமாலையில் நைட்ரேட்டின் 1384, கார்பனேட்டின் 1360 என்று இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வாலை வடிநீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, நைட்ரஜன் ஓட்டத்தில் வேலை செய்யுங்கள். திறந்து பல மாதம் ஆன சோடியம் ஹைட்ராக்சைடு டப்பாவை ஒதுக்கிவையுங்கள். அதன் வில்லைகளின் மேல் ஏற்கெனவே கார்பனேட் படிந்திருக்கும்.

31.8, 34.4, 36.3 டிகிரிகளில் கூர்மையான உச்சிகள் எழுந்தால் துத்தநாக ஆக்சைடு சேர்ந்துவிட்டது. 34.4 அடுக்குத் தூளின் சொந்த உச்சியோடு கலந்து கிடக்கும், எனவே மற்ற இரண்டையும் தேடுங்கள். காரத்தை ஒரே இடத்தில் வேகமாக ஊற்றியது, பிஎச் 10-க்கு மேல் ஏறியது, முதிரவைக்கும் வெப்பம் கூடியது ஆகியவையே வழக்கமான காரணங்கள். பிஎச் 8.5 முதல் 9.5 வரை, 65 டிகிரியில் 18 மணி நேரம் என்பது எனக்குத் துணை நின்ற அளவு. துத்தநாகம்–குரோமியம் மட்டும் வேறு குணம் கொண்டது. அது 2:1 என்ற ஒரே விகிதத்தில்தான் உருவாகும், பிஎச் 5 முதல் 6 வரையே போதும். 3:1 என்று கலந்தால் மிஞ்சிய துத்தநாகம் வேறு பொருளாகப் படியும்.

29.4 டிகிரியில் ஓர் உச்சி தெரிந்தால் தூளைச் சரியாகக் கழுவவில்லை. அது சோடியம் நைட்ரேட். இதைச் சிறு குறையாக எண்ணவேண்டாம். புற ஊதா ஒளியில் நைட்ரேட்டே ஹைட்ராக்சில் தனி உறுப்பைத் தரும். கழுவாத தூள் கழுவிய தூளைவிடச் சிறந்த வினையூக்கியாகத் தோன்றும், அடுத்த முறை நன்றாகக் கழுவியதும் "செயல்திறன் போய்விட்டது" என்று மாணவர் கலங்குவார்.

உலர்த்தியதும் தூள் கல்லாக இறுகுவது பலருக்கு நேர்வது. கடைசிக் கழுவலில் நீருக்குப் பதில் அசிட்டோன் அல்லது எத்தனால் பயன்படுத்தி 60 டிகிரியில் உலர்த்தினால் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுவது குறையும். ஆக்ஸ்போர்டில் டெர்மட் ஓஹேர் குழுவினர் இதையே ஒரு முறையாக வளர்த்தெடுத்திருக்கிறார்கள்.

எண்கள் ஒத்துப்போகவில்லை

மூன்று முறை செய்தால் மூன்று விடை. வேதியியலைத் தேடும் முன் அளவீட்டைத் தேடுங்கள்.

லிட்டருக்கு 10 மி.கி. மெத்திலீன் புளூ ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் (கரைசலை வைத்து அளக்கும் சிறு கலம்) ஏறத்தாழ 2 என்ற உட்கவர்திறனைக் காட்டும். பல கருவிகளில் 1.5-க்கு மேல் நேர்கோடு வளைந்துவிடும். நீர்த்துத்தான் அளக்கவேண்டும். சீசாவில் மூன்று நீர் மூலக்கூறு கொண்ட படிகம் இருந்தால் 10 மி.கி. எடையில் சாயம் 8.6 மி.கி.தான், லேபிளைப் படியுங்கள்.

750 முதல் 800 வரை எந்தச் சாயமும் கவராத பகுதியில் அடிக்கோடு உயர்ந்திருந்தால் கரைசலில் நுண்தூள் மிதக்கிறது. மையவிலக்கியில் இன்னும் வேகமாகச் சுழற்றுங்கள். சிரிஞ்சு வடிகட்டியை நாடும்போது எச்சரிக்கை வேண்டும். நைலான் எதிரயனிச் சாயத்தைப் பிடிக்கும், செல்லுலோஸ் வகைகள் மெத்திலீன் புளூவைப் பிடிக்கும். தூளே படாத சாயக் கரைசலை அந்த வடிகட்டி வழியே செலுத்தி முன்னும் பின்னும் அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

நிறம் போனது, கரிமச் சுமை குறையவில்லை

உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. அசோ சாயங்களில் நிறம் தருவது இரண்டு நைட்ரஜன்களுக்கு இடையிலான பிணைப்பு. அது ஒன்று அறுந்தாலே நிறம் மறையும், ஆனால் பென்சீன், நாப்தலீன் வளையங்கள் அப்படியே மிதக்கும். காங்கோ ரெட் பென்சிடினை மையமாக வைத்துக் கட்டப்பட்டது. ஒடுக்க வழியில் அறுந்தால் அந்தப் பென்சிடினே வெளியே வரும். அது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி செய்யப்பட்ட பொருள். நிறமற்ற அந்த நீர், சிவப்பு நீரைவிடப் பாதுகாப்பானது என்று எந்த ஆதாரத்தில் சொல்வோம்?

முதற்படியாக 220 முதல் 320 வரையிலான பகுதியைப் பாருங்கள். காணொளிப் பகுதி தட்டையாகி அங்கே மேடு நின்றுகொண்டிருந்தால் வளையங்கள் உடையவில்லை. ஒளியூட்டும் நேரத்தை மூன்று, நான்கு மடங்கு கூட்டி, மொத்தக் கரிமக் கார்பனை நிறத்தோடு ஒரே வரைபடத்தில் போடுங்கள். நிறம் ஒரு மணியில் விழும், கார்பன் பின்தங்கி மெல்ல இறங்கும். அந்த இடைவெளிதான் உங்கள் வினையூக்கியின் உண்மையான மதிப்பெண்.

ஆனால் அடுக்குத் தூளில் கரிமக் கார்பன் எண்ணும் ஏமாற்றும். சாயம் உடையும்போது ஆக்சாலிக் போன்ற சிறு அமிலங்கள் பிறக்கின்றன. அவையும் எதிரயனிகள், ஆகவே படலங்களுக்கு இடையே போய் உட்கார்ந்துகொள்ளும். கரைசலில் கார்பன் குறையும், கனிமமாதல் (கரியமில வாயுவாகவும் உப்பாகவும் முழுவதும் உடைதல்) நடந்திராது. சல்போனேட் உடைந்ததற்குச் சான்றாகச் சல்பேட்டை அளப்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும். வெளிவந்த சல்பேட்டைத் தூளே விழுங்கிவிடும். எனவே திடப்பொருளிலும் கார்பனை அளக்கவேண்டும், அல்லது மேலே சொன்ன அமிலக் கரைப்புக்குப் பின் அளக்கவேண்டும். கரைசலை மட்டும் அளந்து "முழுக் கனிமமாதல்" என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை.

சி.ஓ.டி. (கரிமத்தை ஆக்சிஜனேற்றி அளக்கும் வேதி ஆக்சிஜன் தேவை) அளப்பவர்கள் குளோரைடைக் கவனியுங்கள். டைகுரோமேட் அதையும் ஆக்சிஜனேற்றும். மெர்குரிக் சல்பேட் சேர்க்காவிட்டால் எண் உயர்ந்து காட்டும்.

பொறிப் பொருள்கள் ஒன்றுக்கொன்று முரணான விடை தருகின்றன

எந்தத் தனி உறுப்பு வேலை செய்கிறது என்று கண்டறிய, ஒவ்வொன்றைப் பிடித்து அடக்கும் பொறிப் பொருள்களாக ஆக்சலேட், ஈ.டி.டி.ஏ., பென்சோகுவினோன், ஐசோபுரொப்பனால் ஆகியவற்றைச் சேர்ப்பது வழக்கம். மற்ற வினையூக்கிகளுக்கு எழுதிய செய்முறையை அப்படியே இங்கே கொண்டுவரக்கூடாது. ஆக்சலேட்டும் ஈ.டி.டி.ஏ.யும் எதிரயனிகள்; சாயத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் தாம் உள்ளே அமரும். ஈ.டி.டி.ஏ. துத்தநாகத்தையே பிடுங்கி எடுத்துத் தூளைக் கரைக்கும். நிறம் மெதுவாகக் குறைந்தால் "துளைகளே முக்கியம்" என்று எழுதிவிடுகிறோம், நடந்தது வெறும் இடப் போட்டியாக இருக்கலாம். பொறிப்பொருள் சேர்த்த இருட்டுச் சோதனை ஒன்றையும் கட்டாயம் செய்யுங்கள். குளோரைடு தூளில் வெள்ளி நைட்ரேட் சேர்த்தால் வெள்ளிக் குளோரைடு படியும், அதுவே ஓர் ஒளிவினையூக்கி. ஹைட்ராக்சிலுக்குச் சுமையற்ற டெர்ட்-பியூட்டனால் பாதுகாப்பான தேர்வு.

இரண்டாம் சுற்றில் வேகம் பாதியாகிறது

முதலில் எடை போடுங்கள். 100 மி.கி.யில் தொடங்கி, மாதிரி எடுக்கும்போதும் கழுவும்போதும் போனது போக, மூன்றாம் சுற்றில் 70 மி.கி. இருக்கலாம். கரைசலின் அளவையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளாமல் "செயலிழப்பு" என்று எழுதுவது தவறு. பல தூள்களை ஒன்றாக ஓடவிட்டுச் சேர்த்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே எடையை எடுப்பது நல்லது.

எடை சரியாக இருந்தும் வேகம் குறைந்தால், இடைப்பொருள்களும் கார்பனேட்டும் இடங்களை அடைத்துக்கொண்டன என்று பொருள். 400 டிகிரியில் மீண்டும் சுட்டால் ஓரளவு திரும்பும். 600-ஐத் தாண்டிப் போகாதீர்கள். ஸ்பைனல் என்ற கலப்பு ஆக்சைடுப் படிகம் உருவாகிவிட்டால் அடுக்குக்குத் திரும்பும் வழி அடைபடும். முதல் சுற்றில் கவர்தல் மட்டுமே நடந்திருந்தாலும் இரண்டாம் சுற்று இப்படித்தான் விழும். நிறைந்த பாத்திரம் மேலும் கொள்ளாது.

தூள் கரைகிறதா என்றும் பாருங்கள். பிஎச் 5-க்குக் கீழே துத்தநாகம் நீரில் இறங்கத் தொடங்கும். இந்தியாவில் கழிவுநீரை ஆறு, குளங்களில் விட அனுமதிக்கப்படும் துத்தநாகத்தின் எல்லை லிட்டருக்கு 5 மி.கி. குரோமியத் தூள் என்றால் என் கவலை கூடும். ஆக்சிஜனேற்றச் சூழலில் மூன்று சுமைக் குரோமியம் ஆறு சுமைக்கு ஏறலாம், அதன் எல்லை 0.1 மி.கி. மட்டுமே. டைபினைல்கார்பசைடு சேர்த்து 540 நானோமீட்டரில் அளப்பது அரை மணி வேலை. சாயத்தை நீக்கிக் குரோமியத்தைக் கொடுக்கும் நீரை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

வாலை வடிநீரில் வேலை செய்கிறது, சாயப்பட்டறை நீரில் செய்யவில்லை

திருப்பூரைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாய நீர் தேங்கியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட ஆணையிட்டதையும் அந்தப் பகுதி மறக்கவில்லை. அங்கே பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் கணிசமான பங்கு துணியில் ஏறாமல், நீரோடு வினைபுரிந்து, கழிவோடு போகிறது. சாயத் தொட்டியில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு, அதோடு சோடா உப்பு என்கிற சோடியம் கார்பனேட். சலவை நீரெல்லாம் கலந்த பிறகும் கரைந்த உப்பு லிட்டருக்குப் பல ஆயிரம் மி.கி. இருக்கும். அனுமதி எல்லை 2100.

அடுக்குத் தூளுக்கு இதைவிடப் பகையான நீரைக் கற்பனை செய்வது கடினம். கார்பனேட்டும் சல்பேட்டும் படலங்களைப் பிடித்துக்கொண்டு சாயத்தை உள்ளே விடா. அதோடு கார்பனேட் அயனி ஹைட்ராக்சில் தனி உறுப்பைப் பைகார்பனேட்டைவிட ஏறத்தாழ 45 மடங்கு வேகத்தில் அழிக்கும். பிஎச் 11-இல் இருக்கும் நீரில் கார்பனேட்டே ஓங்கி நிற்கும். அதனால்தான் வடிநீரில் 40 நிமிடத்தில் முடிந்தது இங்கே நாள் முழுவதும் நகராமல் நிற்கிறது.

பட்டறை நீரோடு நேராகப் போராடவேண்டாம். வடிநீரில் அதே சாயத்தைக் கரைத்து, முதலில் சோடியம் குளோரைடு மட்டும், பிறகு சல்பேட் மட்டும், பிறகு சோடா உப்பு மட்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து வேகத்தை அளங்கள். குளோரைடில் மட்டும் சற்றுக் குறைந்தால் தாங்கலாம். சல்பேட்டில் இருட்டுக் கவர்தல் விழுந்து, ஒளி வேகம் அவ்வளவாக விழாவிட்டால் உங்கள் தூள் உண்மையாகவே ஒளியில் வேலை செய்கிறது. சோடா உப்பில் எல்லாமே நின்றுபோனால் நீரை முன்கூட்டியே பக்குவப்படுத்துங்கள்: அமிலம் சேர்த்துப் பிஎச்-ஐ 4-க்கு இறக்கி, ஒரு மணி நேரம் காற்றுச் செலுத்திக் கரியமில வாயுவை வெளியேற்றுங்கள். பிறகு காரம் சேர்த்து 7-க்குக் கொண்டுவந்து, அதன் பின்னரே தூளைப் போடுங்கள். 4-இல் இருக்கும்போது போட்டால் வினையூக்கி நீரிலேயே கரைந்துவிடும்.